எனக்கு ஒரு சீனாக்காரம் வேணும்

என் எழுத்து கோணல். வசனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே சிலவேளை தெரியாது. அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் தடிமன் காய்ச்சல். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. போன கிழமை பஸ்ஸிலே நித்திரையாகிப் போன கதையை எழுதினேனே, அதில் பஸ் நம்பர் பிழை என்று ஒரு ஐயா பத்திரிகைக்குச் சொல்லி அனுப்பினாராம். அந்த நம்பரில் பஸ்ஸே இல்லையாம். மன்னித்துக்கொள்ளுங்கோ. நான் ஏறினது பஸ்தான், அது மட்டும் நிச்சயம்.

இந்தக் கிழமை எழுதுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம். எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உலகம் முழுக்க இருக்கிற எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் எப்படியும் தெரிந்துவிட்டது. இனி உங்களுக்கும் தெரிந்தால் என்ன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. உழுந்தை நனையப் போட்டுவிட்டுக் கையைத் துடைக்கிறேன். குசினி மேசையில் கிடந்த போன் டிங் என்றது. பிறகு டிங், டிங். பிறகு நிறுத்தாமல் நடுங்கி நடுங்கி மேசையில் தானாக நகர்ந்து, உப்புப் போத்தலில் போய் முட்டி நின்றது.

எங்கள் குடும்பக் குறூப்பில் அப்படிச் சத்தம் வந்தால் ஒன்றில் ஆரோ செத்துப்போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆருக்கோ பிள்ளை பிறந்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். செத்ததும் இல்லை, பிறந்ததும் இல்லை. நான்தான் காரணம்.

லண்டனில் இருக்கிற தங்கச்சி எழுதியிருந்தாள்: "அக்கா, இது நீங்கள் போட்டதோ, இல்லாட்டி போனை ஆரும் களவெடுத்திட்டாங்களோ?"

மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்கிற அவளுடைய மகன்: "பெரியம்மா, எங்கடை வேலையிடத்திலை ரெண்டு பேர் இருக்கினம். ஆனா ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சிட்டினம்."

பாரிஸில் இருக்கிற மச்சான் ஒன்றும் எழுதவில்லை. கண்ணீர் வடிகிற மூஞ்சிகளை வரிசையாகப் போட்டிருந்தார். பாவம், அங்கே என்ன துக்கமோ என்று நினைத்தேன். அது சிரித்துச் சிரித்து வருகிற கண்ணீர் என்று மருமகள் சுதா பிறகுதான் சொன்னாள்.

மேலே தள்ளிப் பார்த்தேன். என் பெயரில் இப்படிக் கிடந்தது:

"சுதா, எனக்கு ஒரு சீனாக்காரன் வேணும். கெதியாய் வேணும். வெள்ளையாய், கட்டியாய் இருந்தால் நல்லது. பெரிசு வேண்டாம், சின்னன் போதும். பழசெண்டாலும் பரவாயில்லை, நான் கழுவி எடுப்பன். கன நாளைக்கு வைச்சுப் பாவிக்கலாம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

ஒரு எழுத்துத்தான்

சீனாக்காரம் என்றால் எங்கடை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கற்கண்டு மாதிரி வெள்ளைக் கட்டி. கலங்கின தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றினால் மண் கீழே போய் இருந்துவிடும். சவரம் செய்து வெட்டுப்பட்ட இடத்தில் தேய்ப்பார்கள். எங்கள் மாடியில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை அதைப் படிகாரம் என்பாள். நானும் படிகாரம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கிழமை உங்களுக்குக் கதையே இல்லை.

என் விரலுக்கு அந்தச் சின்ன எழுத்துகளை அமத்த வராது. அதனால் போனுக்கு வாயால் சொல்வேன், அது எழுதும். நான் 'ம்' என்று சொன்னேன். அது 'ன்' என்று கேட்டது. போதாக்குறைக்கு, சுதாவுக்கு அனுப்புகிறேன் என்று குறூப்பை அமத்திவிட்டேன்.

ஏன் எனக்குச் சீனாக்காரம் தேவைப்பட்டது என்றால், அதற்கும் நான்தான் காரணம்.

தேர்த் திருவிழாவுக்கென்று சுதா எனக்குக் கடும் சிவப்பில் ஒரு நூல் சீலை வாங்கித் தந்தாள். அதைக் கட்டிக்கொண்டு போய் வந்து, எங்கள் கட்டடத்து லோண்டறி அறையில் தோய்த்தேன். சீலையை எடுத்தேன். அதே சிவப்புப் பிளவுஸை எடுக்க மறந்தேன். அது மெஷினுக்குள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

எனக்குப் பிறகு அந்த மெஷினில் உடுப்புப் போட்டவர் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற சீனத்து ஐயா. வெள்ளைச் சேட் தவிர வேறு நிறம் போடாத மனிதர்.

அடுத்த நாள் யன்னலால் பார்க்கிறேன். கட்டடத்துக்கு முன்னாலே காலமை காலமை கையைக் காலை மெல்ல நீட்டி எக்சசைஸ் செய்வாரே, அன்றைக்கும் செய்கிறார். சேட் ரோசாப்பூ நிறம். அதற்கடுத்த நாளும் ரோசாப்பூ. மனிதரிடம் இருந்த எல்லாச் சேட்டையும் நான் ரோசாப்பூ ஆக்கிவிட்டேன்.

என் பிளவுஸை மடித்து, மெஷினுக்கு மேலே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயம் எங்கே போனது

சாயம் என்றதும் எனக்கு வேறொரு சீனாக்காரன் ஞாபகம் வருகிறான். இதைச் சொல்லிவிட்டுத் திரும்ப வருகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சைக்கிளில் துணி விற்கச் சீனர்கள் வருவார்கள். பின்னாலே மலை மாதிரி மூட்டை. பட்டு, லேஸ், மேசை விரிப்பு. கையில் ஒரு இரும்பு முழக்கோல். தமிழ் கொஞ்சம் கதைப்பார்கள், வியாபாரத்துக்குத் தேவையானது மட்டும்.

அப்படி வந்த ஒருவன் அம்மாவுக்கு ஒரு சிவப்புத் துணி விற்றான். "நல்ல சாமான் அக்கா. சாயம் போகாது" என்றான். முதல் தோய்ப்பிலேயே என் தகப்பன், ஐயாவின் வேட்டி சிவந்தது. அடுத்த முறை அவன் வந்தபோது அம்மா வாசல் படலையிலேயே பிடித்துவிட்டா.

"சாயம் போகாதெண்டு சொன்னாய்."

அவன் வேட்டியைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். "எங்கையும் போகேல்லை அக்கா. உங்கடை வீட்டுக்குள்ளைதானே நிக்குது."

அம்மாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவன்தான் சொன்னான், துணியைச் சீனாக்காரம் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காயப் போடு, சாயம் பிடித்து நிற்கும் என்று. அம்மா அப்படியே செய்தா. சீனாக்காரன் சொல்லிச் சீனாக்காரம் போட்டது என்று வீட்டில் கனகாலம் பகிடி.

சீனாக்காரம், சீனவெடி, தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி. எல்லாவற்றிலும் சீனா இருக்கிறது. இத்தனை வருஷம் வாயிலே வைத்துக்கொண்டு திரிந்தும் எனக்கு ஓடவில்லை. சீனியில் சீனா இருக்கிறது என்று போன கிழமைதான் உறைத்தது. கையில் கோப்பியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.

மகன் கதைக்க வேணும் என்றான்

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். போன் அடித்தது. என் மகன் வசந்தன்.

"அம்மா, நாளைக்கு வாறன். கதைக்கோணும்."

"அது சீனாக்காரம் தம்பி, போன்தான்..."

"தெரியும் அம்மா. சுதா சொன்னவள். நான் அதை மட்டும் சொல்லேல்லை. நாளைக்குக் கதைப்பம்."

அவன் என்ன கதைக்கப் போகிறான் என்று தெரியும். ரூஜில் அவன் புது வீடு வாங்கினதில் இருந்து அதே கதைதான். இந்த அப்பார்ட்மென்டை விட்டுவிட்டு எங்களோடை வாங்கோ, கீழே ஒரு அறை உங்களுக்கென்றே கட்டியிருக்கிறோம். இதை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற கடுதாசியைக்கூட அவன் எடுத்து வைத்திருந்தான். என் கையெழுத்துத்தான் பாக்கி.

நல்ல பிள்ளை. சுதாவும் நல்லவள். அறையும் வடிவான அறை. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் பிறந்தது ஐயா வீடு. கலியாணம் கட்டி வாழ்ந்தது என் அவர் வீடு. கனடாவுக்கு வந்தது மகன் வீடு. வெக்ஸ்போர்ட்டில் இந்த ஒரு அறையும் குசினியும்தான், என் பெயரில் கதவுத் திறப்புத் தந்த முதல் இடம். அரசாங்க வீட்டுக்குப் பெயர் பதிந்து வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்தது. ஒருக்கால் விட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். திரும்பக் கிடையாது. இதை நான் ஒரு நாளும் அவனுக்குச் சொன்னதில்லை. மகன் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. எப்படிச் சொல்கிறதென்றும் தெரியாது.

மிஸ்டர் ஃபான்

அன்று பின்னேரம் லோண்டறி அறைக்குப் போனேன். ரோசாப்பூச் சேட்டோடு அவர் இருந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இங்கிலீசும் இல்லை, சீனமும் இல்லை. கையில் இருந்த சிவப்புச் சீலையைக் காட்டினேன், அவர் சேட்டைக் காட்டினேன், என் தலையில் குட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு, இனி இந்தச் சீலை சாயம் போகாமல் இருக்க ஒரு வெள்ளைக் கட்டி வேணும் என்று காட்ட வேண்டி வந்தது. கட்டி, தண்ணீர், சுற்றுகிறது, மண் கீழே போகிறது. எல்லாம் கையாலேதான். என் வாழ்நாளில் நான் அவ்வளவு கூத்து ஆடினதில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "பாய் ஃபான்" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு "ஃபான்" என்றார்.

ஓகோ, பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் என் பெயரைச் சொன்னேன். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே ஓடினார். திரும்பி வரும்போது கையில் முழுக் கட்டி. சீனாக்காரமேதான்.

அவர் போனில் ஒரு வித்தை இருக்கிறது. சீனத்தில் கதைத்தால் அது தமிழில் சொல்லும், ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில். அதன்படி எனக்கு விளங்கினது இது: அவர்கள் பாஷையில் இந்தக் கட்டிக்குப் பெயர் 'பாய் ஃபான்'. அவருடைய குடும்பப் பெயர் ஃபான். ராகம்தான் கொஞ்சம் வேறாம். இந்தப் பெயரால் பள்ளிக்கூடத்தில் அவரைக் கட்டி, கட்டி என்று பகிடி பண்ணினார்களாம். அங்கேயும் ஆளும் கட்டியும் குழம்பித்தான் கிடந்திருக்கிறது.

அதிலும் பெரிய வேடிக்கை, அவருடைய ஊரே சீனாக்காரம் தோண்டுகிற மலையூர். தகப்பனும் அதற்கு முந்தின தலைமுறையும் அந்த மலையிலே வேலை. மெஷின் சுற்றி முடிகிறதுக்குள்ளே ஒரு விளம்பரக் கடுதாசியின் பின்பக்கத்தில் எனக்குப் படம் கீறிக் காட்டினார். மலையில் கல்லை உடைக்கிறது. சூளையில் சுடுகிறது. தண்ணீர் தெளித்து உதிர விடுகிறது. கரைத்துக் காய்ச்சுகிறது. பிறகு பெரிய குழியில் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கிறது. கட்டி தானாக விளையுமாம், பனி கட்டுகிற மாதிரி.

எத்தனையோ நூறு வருஷமாக இப்படித்தான் செய்தார்களாம். பிறகு புகைபோக்கியும் மெஷினுமாகப் பெரிய பக்டரி வந்தது. மிஸ்டர் ஃபான் அதிலே சோதனை அறையில் வேலை. கண்ணாடிக் குழாயும் தராசுமாகப் பென்சன் வரைக்கும். கீழே ஓடின ஆறு வெள்ளையாகிவிட்டதாம். "மீன்கள் ராஜினாமா செய்தன" என்றது போன். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திவிட்டேன். இப்போது சுரங்கத்தைப் பூட்டி, ஆட்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இடமாக ஆக்கிவிட்டார்களாம்.

"இப்ப ஒண்டும் செய்யிறேல்லையோ அங்கை?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னது, இப்போது அவருடைய நாட்டில் எல்லாம் செய்கிறார்கள், வேறு ஊர்களில், பெரிது பெரிதாக. நான் நம்பாத மாதிரிப் பார்த்திருக்க வேணும். என் கூடையில் கிடந்த பிரஷர் குளிசைப் போத்தலைக் கேட்டு வாங்கினார். அதன் மருந்துச் சரக்கு அங்கே இருந்து வந்திருக்கலாம் என்றார். சவர்க்காரத் தூளை மணந்து பார்த்து, இதிலும் பாதி என்றார். நான் மேலே வந்து கற்பூரப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியிலே சின்ன எழுத்து. அதுவும் சீனா. பிள்ளையார் ஒன்றும் சொல்லாமல் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்.

அசைக்க வேண்டாம்

சனிக்கிழமை காலை மிஸ்டர் ஃபான் கதவைத் தட்டினார். கையில் ஒரு குட்டித் தராசு. நான் சொன்ன மண் கதை உண்மையோ என்று சோதிக்க வேணுமாம், சோதனை அறைப் பழக்கம். நான் கதவை நன்றாகத் திறந்து, சாத்தாமல் இருக்க ஒரு செருப்பை முட்டுக் கொடுத்தேன். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

கறிவேப்பிலைச் சாடியில் இருந்து மண் எடுத்து இரண்டு போத்தல் தண்ணீரில் கலக்கினார். ஒன்றில் சீனாக்காரம் நிறுத்துப் போட்டார். மற்றதில் ஒன்றும் போடவில்லை.

"அது ஏன் சும்மா?" என்றேன்.

போடாமல் ஒன்றை வைத்தால்தான் போட்டது என்ன செய்தது என்று தெரியுமாம். அஞ்சாம் வகுப்பில் எனக்கு ஆரும் இதைச் சொல்லித் தரவில்லை. காய்ச்சல் நாளில் சொன்னார்களோ தெரியாது.

சீலையை வாளியில் ஊற வைத்துவிட்டு, போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்த நேரம் பார்த்து வசந்தனும் சுதாவும் உள்ளே வந்தார்கள். வசந்தன் கையில் அந்தக் கடுதாசி.

அவன் கடுதாசியை மறந்துபோய் ரோசாப்பூச் சேட்டைப் பார்த்தான். "உவர் ஆர்?"

"மிஸ்டர் ஃபான். ரெண்டாம் மாடி."

சுதா வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமி, அப்ப அது எழுத்துப் பிழை இல்லையோ?"

"சீனாக்காரம் பிள்ளை. அம்மாவாணை சீனாக்காரம்."

மிஸ்டர் ஃபான் எழும்பித் தலை குனிந்தார். ஏதோ பாதுகாப்பில்லாத வேலை நடக்கிறது என்று மகன் நினைத்துவிட்டான் என்றுதான் அவர் எண்ணியிருக்க வேணும். போத்தலைக் காட்டிக் காட்டி, போனுக்கு நீளமாக விளக்கம் சொன்னார். செய்தி வாசிக்கிற பெண் வாசித்தாள்:

"வணக்கம். நான் படிகாரத்தின் ஓய்வு பெற்ற ஊழியர். அவர் இப்போது கலங்கியிருக்கிறார். தயவுசெய்து அவரை அசைக்க வேண்டாம். நகர்த்தினால் மீண்டும் கலங்குவார். இருக்கும் இடத்திலேயே விடுங்கள். அவர் தானாகத் தெளிவார்."

வசந்தன் மெல்லக் கேட்டான். "இவர் ஆரைச் சொல்லுறார்?"

"போத்தலை" என்றேன்.

"போத்தலை ஆரும் அவர் எண்டு சொல்லுவினமோ?"

"அவையின்ரை பாஷையிலை அதுக்கும் அவவுக்கும் ஒரே சத்தம்தானாம்" என்றாள் சுதா. "எங்கடை பாங்கிலை வேலை செய்யிற சீனப் பிள்ளை சொன்னவள். போன் குழம்பிட்டுது." சொல்லிவிட்டு அவள் போத்தலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

வசந்தன் கதிரையில் இருந்து, கடுதாசியை மேசையில் விரித்தான். "அம்மா, நான் பகிடிக்கு வரேல்லை. பிளவுஸை மெஷினுக்குள்ளை விடுறியள். ஆருக்கோ போற மெசேஜை உலகத்துக்குப் போடுறியள். நாளைக்கு அடுப்பை விட்டால்? நான் வேலையிலை நிக்கேக்கையும் உங்களைத்தான் யோசிக்கிறன்."

அவன் என்னைத் துரத்தவில்லை. பயந்துபோய் இருக்கிறான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மிஸ்டர் ஃபான் விஷயம் விளங்காமலேயே விளங்கிக்கொண்டு, மண் கலக்கின கரண்டியைக் கழுவக் குசினிக்குப் போனார்.

நான் சொன்னேன். "தம்பி, பிளவுஸை விட்டது நான்தான். மெசேஜும் நான்தான். மறதி இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் வரமாட்டன்."

"என்ன அம்மா?"

என் குரல் அவ்வளவு சின்னனாக வந்திருக்கிறது, அவனுக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு பாடுபட்டுச் சொன்னதை இன்னொருக்கால் சொல்ல வேண்டி வந்தது.

"வரமாட்டன், தம்பி. இது என்ரை வீடு."

இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

வசந்தன் கடுதாசியைப் பார்த்தான். பிறகு மடித்தான்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"வா. சனிக்கிழமையிலை வா. வர முன்னம் போன் அடிச்சுப்போட்டு வா."

"ஓம், ஆக்கள் இருப்பினமெல்லே" என்றாள் சுதா. வசந்தனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

அடுத்த கிழமை அடுப்பு தானாக அணைகிற ஏதோ சாமான் ஒன்று வாங்கி வந்து பூட்டிவிட்டான். போன் அடித்துவிட்டுத்தான் வந்தான். சீலை சாயம் போகிறது குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. தனியாகத்தான் தோய்க்கிறேன்.

இனி, படித்தவர்கள் ஆரும் இதை வாசித்தால் ஒரு உதவி. சீனி என்கிற சொல் மெய்யாகச் சீனாவில் இருந்து வந்ததோ, சீனாக்காரம் முதலில் அங்கே இருந்துதான் எங்கடை பக்கம் வந்ததோ, கல்லைச் சுட்ட பிறகு தண்ணீர் தெளிக்கிறதோ அதற்கு முதலோ, இதெல்லாம் ஒருக்கால் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை என்று எழுதினது வியாழனாகவும் இருக்கலாம். மகனிடம் இரண்டு முறை வரமாட்டேன் என்று சொன்னதை மட்டும் ஒருவரும் சரிபார்க்கத் தேவையில்லை. அது எனக்கு நல்ல ஞாபகம்.